எங்கே உடையும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பாடம் எடுக்கிறேன். இறுதியாண்டு வந்ததும் பல மாணவர்கள் கடையில் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டிலேயே, அதிகச் செலவில்லாமல், கையால் செய்து வடிவமைப்பைக் கற்க வழி உண்டா? வகுப்பில் 60 பேர்.

பதில்: உண்டு. தலைப்பை அவர்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே பொருள், ஒரே சவால் என்றால் கடையில் வாங்க வேலையில்லை. 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் வடிவமைப்புப் பாடத்தை இப்படித்தான் நடத்தினார்: ஆளுக்கு ஒரே மாதிரிப் பொருள்கள் கொண்ட ஒரு பை, கடைசியில் போட்டி.

உங்களுக்கு ஐஸ் குச்சிப் பாலம் போதும். நான்கு பேர் குழு, 100 குச்சி, ஒரு டப்பா ஃபெவிகால். 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மேசை; பாலத்தின் நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மணல் கொட்டுங்கள். முதல்முறை நான் தாங்கிய எடைக்கு மட்டும் மதிப்பெண் வைத்துத் தவறு செய்தேன். குச்சிகளைக் கட்டுக்கட்டாக ஒட்டி மரக்கட்டை போலக் கொண்டுவந்தார்கள். தாங்கிய எடையைப் பாலத்தின் சொந்த எடையால் வகுத்துப் பாருங்கள். அப்போதுதான் ஒவ்வொரு குச்சியும் ஏன் அங்கே இருக்கிறது என்று யோசிப்பார்கள்.

மணல் கொட்டும் முன், எத்தனை கிலோ தாங்கும், எந்த இடம் முதலில் போகும் என்று நோட்டில் எழுதித் தேதி போடச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் விளையாட்டு. உடைவதை மொபைலில் ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். பெரும்பாலும் ஒட்டிய இடம் பிரியும், இல்லையென்றால் மேல்வரிசைக் குச்சி பக்கவாட்டில் வில்லாக வளையும். அந்த வளைவைக் காட்டி, எவ்வளவு சுமையில் குச்சி இப்படி வளையும் என்று சொல்லும் ஆய்லர் சூத்திரத்தைக் கேளுங்கள். தாங்கலில்லாத நீளத்தைப் பாதியாக்கினால் வளையாமல் தாங்கும் சுமை நான்கு மடங்கு என்பதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள். வளையும் குச்சியின் நடுவில் ஒரு குறுக்குக் குச்சி ஒட்டலாம் என்று அவர்களுக்கே தோன்றும்.

சரி, அப்புறம்? இரண்டாவது பாலம். இன்னொரு 100 குச்சி கொடுத்துவிடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். மதிப்பெண்ணில் பாதியாவது நோட்டுக்கும், முதல் பாலத்திலிருந்து என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்ற விளக்கத்துக்கும் போகட்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஏதாவது ஒரு குச்சியைத் தொட்டு, "இது எதற்கு?" என்று குழுவில் பேசாமல் நிற்பவரிடம் கேளுங்கள்.

ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். வாளி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தொங்க வேண்டாம். பக்கத்தில் நிற்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கட்டும்.