வரைவு காட்சிக்கு வரும் அன்றே போய் நில்லுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு சிறிய அறவாரியத்தை நடத்தி வருகிறேன். குடியிருப்பு, திடல், வடிகால் போன்றவற்றை அங்கே வாழ்பவர்களே உட்கார்ந்து திட்டமிட உதவுவது எங்கள் வேலை. லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவர்களும்தான் எங்களோடு உழைப்பவர்கள். இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் ஐந்து நண்பர்கள். சங்கமாகப் பதிவதா, நிறுவனமாகப் பதிவதா?

1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் பதிய ஏழு பேராவது வேண்டும், தம்பி. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்கீழ் பங்கு மூலதனம் இல்லாத, உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாகவும் (உறுப்பினர்கள் உறுதியளித்த தொகை வரைதான் பொறுப்பு) பதியலாம். நிலம், கட்டடம், பெரிய நன்கொடை எல்லாம் கையாளப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதுதான் பொருத்தம். கணக்காய்வுச் செலவை முதல் நாளே நினைவில் வையுங்கள். கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்க, வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் தனியாக அங்கீகாரம் பெற வேண்டும். பதிந்ததும் தானாக வந்துவிடாது.

பொறுப்பாளர்கள் எல்லாரும் வழக்கறிஞரும் கணக்காளருமாக இருக்க வேண்டாம். நீங்கள் சரிசெய்யப் போகும் வடிகாலைத் தினமும் தாண்டிப் போகிறவர் இரண்டு பேராவது அந்த மேசையில் இருக்கட்டும்.

எத்தனையோ மனு கொடுத்துவிட்டோம். எல்லாம் முடிவான பிறகுதான் எங்களுக்குத் தெரிய வருகிறது. இதில் அறவாரியம் என்னம்மா செய்ய முடியும்?

ஐயா, எங்கள் வேலையின் உயிரே இந்தக் கேள்விதான். பெரும்பாலும் நாம் மனு எழுதத் தொடங்குவது இயந்திரம் வந்து மண்ணைத் தோண்டும்போது. அதற்கு வெகு முன்பே ஒரு கதவு திறந்திருக்கும். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி (சட்டம் 172) எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்து மூலம் ஆட்சேபம் கேட்டாக வேண்டும். கடிதத்திலேயே ‘நேரில் பேச விரும்புகிறேன்’ என்று கேட்டுக்கொண்டால், விசாரணைக் குழு கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நம் ஊருக்கு அந்த வரைவைக் காட்சிக்கு வைப்பது கோலகங்சார் நகராண்மைக் கழகம்.

ஆனால் அந்த வரைவு தடித்த புத்தகமாக, மலாயில், வண்ண வண்ணப் படங்களோடு இருக்கும். இரவு ஏழு மணிக்கு வேலை முடிந்து வருகிறவர் எப்போது போய் அதைப் பார்ப்பார்? அதனால் நம் வட்டாரப் பக்கங்களை மட்டும் பெரிதாக அச்சடித்துக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு வருகிறோம். எந்த நிறம் வீடு, எந்த நிறம் தொழிற்சாலை என்று தமிழில் விளக்குகிறோம். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் இடத்தைத் தேடிப் பார்ப்பார்கள்.

ஒரு முறை, நாற்பது ஆண்டு ரப்பர் பால் வெட்டிய ஒரு பாட்டி படத்தையே பார்க்கவில்லை. “பெரட்டுக் களம் எங்கே இருக்கு, சொல்லு” என்றார். காலையில் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடம் அது. காட்டினோம். அங்கிருந்து பழைய ஸ்டோர், அதிலிருந்து ஆற்றோரம் வரை எத்தனை மர நிரை என்று விரல் விட்டு எண்ணி, ஓர் இடத்தில் கையை வைத்தார். தோட்டத்தின் பழைய இடுகாடு அது. அவர் கணவரும் அங்கேதான் இருக்கிறார். வரைவில் அது வீட்டு மனை. மறுநாளே நிலத்தின் லோட் எண்ணைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, ஆட்சேபம் எழுதினோம். விசாரணையில் பாட்டியே பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான். அன்று நான் பேசியிருந்தால் அந்த அறையில் யாரும் அவ்வளவு அமைதியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கட்டடக் கலை படித்தவன். படத்தைக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், கட்டி முடித்ததும் குறை சொல்கிறார்கள். ஏன் அக்கா?

படம் படிப்பது உங்கள் படிப்பு, அவர்களுடையது அல்ல. தலையாட்டியது உங்களுக்குத் தந்த மரியாதை. அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக விளக்கினார். கருத்துக் கேட்பது அதில் நடுப்படிதான். முடிவு மக்கள் கைக்கு வருவது அதற்கு மேலே. நம்மில் பலர் நடுப்படியிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

எங்கள் முதல் திடலுக்கு நாங்களே வரைந்து, நாங்களே வேலி போட்டோம். பஸ் நிறுத்தத்துக்குப் பெண்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை அதன் நடுவே போனது எங்களுக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் வேலியை அறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. அதன்பின் தாளை எடுப்பதே இல்லை. கயிறும் சுண்ணாம்பும் கொண்டு போய், நிஜ அளவில் தரையில் கோடு போட்டு, அதற்குள் நடக்கச் சொல்கிறோம். “இங்கே நாற்காலி போட்டா சமையல் சட்டி எங்கே வைக்கிறது?” என்று கேள்வி உடனே வரும். அதோடு, பால் வெட்டுக்கு விடியுமுன் எழுகிறவர்களை இரவு ஒன்பது மணிக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

மழை பெய்தால் எங்கள் லயத்தில் வீட்டுக்குள் தண்ணீர். அரசாங்கம் வரட்டும் என்று இருப்பதா, நாமே இறங்குவதா?

பாகிஸ்தானின் கராச்சியில் ஒராங்கி என்ற பெரும் குடியிருப்பில் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980இல் தொடங்கிய திட்டத்தைப் பார்க்கலாம். ஒரு சந்தின் இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, தாங்களே பணம் போட்டுச் சந்துக்குள் சாக்கடை அமைத்தார்கள். பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசாங்கத்தின் பொறுப்பு. இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும்: வாசல் நம்முடையது, கால்வாய் அரசாங்கத்துடையது.

ஆனால் அண்ணே, லயம் கம்பெனி நிலத்தில் இருக்கிறது. வேலை போனால் வீடும் போகும். அங்கே உங்கள் சேமிப்பைச் சிமெண்டாக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்துக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) இருக்கிறது. அதில் கடமை முதலாளிக்குத்தான். தண்ணீர் ஏறும் நாளையும் அளவையும் படத்தோடு குறித்து வையுங்கள். தொழிலாளர் இலாகாவுக்கு அதை எடுத்துப் போக நாங்கள் கூட வருகிறோம்.

நன்கொடையாளர் தன் பெயரில் நுழைவாயில் வளைவு கேட்கிறார். என்ன சொல்வது?

வேண்டாம் என்று சொல்லுங்கள். 1960இல் அமைச்சராக இருந்த நம்மூர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விலைபோன தோட்டங்களை வாங்கியது தொழிலாளர்களின் சிறு பணம். ஒரு வீட்டுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கினாலும் அந்த வீட்டுக்காரர் கணக்குக் கேட்பார். அப்படிக் கேட்பவர்கள்தான் நமக்கு வேண்டும்.

கோயில் கமிட்டி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எந்தப் பக்கம் உட்காருவது?

எந்தப் பக்கமும் வேண்டாம், தங்கச்சி. கூட்டத்தைப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கு மாற்றுங்கள். கோயில் பேச்சை முதல் இரண்டு கூட்டத்தில் எடுக்காதீர்கள், தெருவிளக்கில் தொடங்குங்கள். எரியாத விளக்குகளை எண்ண இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரைச் சேர்த்து, இரவில் ஒன்றாக நடக்க அனுப்புங்கள். எங்கள் வட்டாரத்தில் அப்படி நடந்த இருவர் எட்டு வருடம் பேசாதவர்கள். பதினான்கு விளக்குகளை எண்ணிவிட்டுத் திரும்பியவர்கள், சாலையோர ஒட்டுக்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.