அமெரிக்கப் பாடகர் குழுவான ஃபிஃப்த் டைமென்ஷனின் 'அக்வேரியஸ்' பாட்டு நடுவில் ஏன் வேறு பாட்டாக மாறுகிறது?

உண்மையிலேயே அவை இரண்டு பாட்டுகள் என்பதால்தான். இரண்டும் 'ஹேர்' என்ற ஹிப்பி இசை நாடகத்திலிருந்து வந்தவை. அது 1968 ஏப்ரலில் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேக்கு வந்தது.

குழுவில் ஒருவரான பில்லி டேவிஸ் ஜூனியர் நியூயார்க்கில் பர்ஸைத் தொலைத்தார். அதைக் கண்டெடுத்தவர் 'ஹேர்' நாடகத்தோடு தொடர்புள்ளவர். அந்த அறிமுகத்தில்தான் குழு நாடகத்தைப் போய்ப் பார்த்தது. பார்த்ததும் 'அக்வேரியஸ்' பாடியே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

தயாரிப்பாளர் போன்ஸ் ஹோவுக்கு ஒரு தயக்கம்: அது பாதிப் பாட்டு மாதிரி இருக்கிறது, முடிவு இல்லை. அப்புறம் அவரே நாடகத்தின் கடைசிப் பாட்டிலிருந்து 'லெட் த சன்ஷைன் இன்' பல்லவியை மட்டும் எடுத்து ஒட்டினார். தாளம், வேகம் இரண்டுமே மாறும். கவனித்துக் கேட்டால் அந்த ஒட்டு நன்றாகவே தெரியும். அதற்குப் பிறகு பில்லி டேவிஸ் தேவாலயப் பாணியில் உருகிக் கத்திப் பாடுவதுதான் எனக்கு இந்தப் பதிவின் உச்சம்.

இசைக்கருவிகளை லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு செய்தார்கள், டிரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளெய்ன். குழு அப்போது லாஸ் வேகாஸில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்ததால் குரல்கள் அங்கே பதிவாயின. 1969 வசந்தத்தில் 6 வாரம் அமெரிக்காவில் முதலிடம், அடுத்த ஆண்டு கிராமி இசை விருது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாடகத்தில் அந்தப் பல்லவி வருவது வியட்நாம் போரில் இறந்த கிளாட் என்ற கதாபாத்திரத்தின் உடலைச் சுற்றி நின்று. அங்கே அது மன்றாட்டு. வானொலியில் கேட்டவர்கள் பலருக்கு அது வெறும் கொண்டாட்டமாகவே போய்ச் சேர்ந்தது.