மாட்டிறைச்சி வேணாம்னு தாய்லாந்து பாஷைல எப்படிச் சொல்றது? – அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, இந்தப் புரட்டாசில குடும்பத்தோட தாய்லாந்து ஹாட்யாய் போறோம். அம்மாவும் வர்றாங்க, பால்மரம் வெட்டின காலத்துலேர்ந்து அவங்க புரட்டாசி சைவம் விட்டதே இல்ல. நாங்க கோழி, மீன் சாப்பிடுவோம், மாடு மட்டும் கிடையாது. மெனு புரியாது, பேசாம மேகி பாக்கெட் கட்டிட்டுப் போயிரலாம்ங்கிறாரு வீட்டுக்காரரு. எனக்கு ரெண்டு வார்த்தையாவது தாய்லாந்து பாஷை பேசிப் பாக்கணும்னு ஆசை, ஆனா தப்பா சொன்னா சிரிப்பாங்களோன்னு கூச்சமா இருக்கு. – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மேகிய வீட்லயே வச்சிட்டுப் போங்க தங்கச்சி. அம்மா சைவத்த நெனச்சுப் பயப்படவே வேணாம். ஈப்போ, பினாங்குல சீனவங்க ஒன்பது ராஜா சாமி கும்புடுறப்ப மஞ்சக் கொடி கட்டி சைவம் சாப்பிடுறாங்கள்ல, அதே விரதம் தாய்லாந்துலயும் இருக்கு, சீனக் கணக்குல ஒன்பதாம் மாசம் மொத ஒம்பது நாளு, பல வருஷம் நம்ம புரட்டாசியோட சேர்ந்தே வந்துரும். அந்த நாள்ல ஹாட்யாய்ல எங்க பாத்தாலும் மஞ்சத் துணில சிகப்பு எழுத்து தொங்கும், பாக்கறதுக்கு 17னு எழுதின மாதிரி இருக்கும், அதுதான் 'ஜே'. அந்த நாள் தவறிப்போனாலும் அதே போர்டு போட்ட கடைங்க வருஷம் பூரா உண்டு. அங்க கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம் கூட சேக்க மாட்டாங்க, நம்ம விரதத்த விட கெடுபிடி. அம்மா கண்ண மூடிட்டு சாப்பிடலாம்.

ஆனா ஜே கடைய விட்டு வெளிய வந்து "வெறும் கீரைப் பெரட்டல்தானே"ன்னு வாங்கிக் குடுத்துறாதீங்க. சாதாரணக் கடைல கீரைலயும் 'நாம் ப்லா'ன்னு மீன் சாஸ் ஊத்துவாங்க, கொழம்புல 'கப்பி' இருக்கும், அது நம்ம பெலாச்சான் மாதிரி எறா அரைச்சதுதான். பப்பாளிக்காய் இடிச்சுத் தர்ற சோம் தாம்ல காஞ்ச எறாவும் மீன் சாஸும் போடுறதுதான் வழக்கம்.

உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும்னா, ஹாட்யாய் பொரிச்ச கோழி கண்டிப்பா சாப்பிடணும், மேல சின்ன வெங்காயத்த மொறுமொறுன்னு வறுத்துத் தூவி, பக்கத்துல புளுட் சோறு, அதான் ஒட்டுற அரிசிச் சோறு, வச்சுத் தருவாங்க, நெறய முஸ்லிம் கடைங்களே விக்கிறாங்க. மாட்டுக்கு 'மை கின் நூவா வூவா'ன்னு சொல்லணும், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம்னு அர்த்தம். தாய் பாஷைல குரல ஏத்தி எறக்கறது மட்டும் அஞ்சு விதம் இருக்கு, அது மாறினா அர்த்தமே மாறிடும். அதனால இதத் தாய் எழுத்துல ஃபோன்ல எடுத்து வச்சுக்கிட்டு வாயாலயும் சொல்லுங்க, கையாலயும் காட்டுங்க. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிரணும், தட்டு வந்தப்பறம் தள்ளி வைக்கிறது சமைச்சவங்களுக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம். சொல்லி முடிக்கிறப்ப பொம்பளைங்க 'கா'ன்னும் ஆம்பளைங்க 'க்ராப்'ன்னும் சேத்துக்கணும், நம்ம 'ங்க' போடுற மாதிரி அது மரியாதைக்கு.

கூச்சத்தப் பத்தி கேட்டீங்க, இதுலதான் எனக்கு நெறய சொல்லணும். நம்ம தோட்டத்துப் பாட்டிங்க பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிக்காதவங்க, ஆனா டவுனுக்கு வந்தா சீன முதலாளி தவுக்கே கிட்ட கேண்டனீஸ்ல வெல பேசுவாங்க, மார்க்கெட்டுல மலாய்க்கார மக்சிக் கிட்ட மலாய்ல குடும்பக் கதையே பேசுவாங்க. இலக்கணம் பாத்தா பேசினாங்க? காதுல விழுந்தத அப்படியே வாயில எடுத்தாங்க, எதிர்ல இருக்கறவங்க திருத்தினா சரின்னு திருத்திக்கிட்டாங்க. அந்தத் தெறம நம்ம ரத்தத்துல இருக்கு தங்கச்சி, ஒருத்தர் சிரிச்சாலும் அது உங்க முயற்சியப் பாத்து வர்ற சந்தோசச் சிரிப்பாத்தான் பெரும்பாலும் இருக்கும். கேண்டனீஸ்ல மூணு, நாலு, பத்து சாம், செய், சாப்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், தாய்ல சாம், சீ, சிப், அந்த எண்ணுங்க சீனத்துலேர்ந்து வந்ததுதான். அம்மாவ முன்னாடி விடுங்க, பழம் வாங்கறப்ப வெலய அவங்களே புடிச்சிருவாங்க. ரயில்ல போறீங்கன்னா பாடாங் பெசார் ஸ்டேஷன்லயே ரெண்டு நாட்டு இமிகிரேஷனும் இருக்கு, அந்த வரிசைல நிக்கிறப்ப பிள்ளைங்களோட எண்ணு சொல்லிப் பழகுங்க.

கேள்வி: அம்மா, மகன் ஹோ சி மின் சிட்டில வேலை பாக்கறான், நான் அவனப் பாக்கப் போறேன். அவன் கூட வேலை செய்யிறவரு வீட்டுல விருந்து. தெரியாத சாப்பாட்ட வேணாம்னு சொன்னா மரியாதக் கொறவா? – ஓய்வு பெற்ற கிராணி

பதில்: இல்லவே இல்லைங்கய்யா, ஆனா முன்கூட்டியே மகன விட்டு சொல்லிரச் சொல்லுங்க. அங்க பெரியவங்களுக்கு விருந்தாளி கிண்ணத்துல அவங்களே எடுத்து வைக்கிறது பாசம், கிண்ணம் காலியாக ஆக வச்சுக்கிட்டே இருப்பாங்க, கொஞ்சம் மிச்சம் வச்சே சாப்பிடுங்க. வாத்து முட்டை வந்துச்சுன்னா கேட்டுட்டு ஒடைங்க, உள்ள குஞ்சு பாதி வளந்த முட்டையும் அங்க விரும்பிச் சாப்பிடுவாங்க. அது வேணாம்னா நெஞ்சுல கை வச்சு 'காம் அன்'னு நன்றி சொல்லிட்டு பக்கத்துல இருக்கற கீரைய நல்லா அள்ளிச் சாப்பிடுங்க, அந்த முட்டையோட வைக்கிற எலை நம்ம அசாம் லக்சால போடுற கெசும் எலையேதான், வாசம் பழக்கமானதா இருக்கும். ஒண்ண மறுத்தா இன்னொண்ண ரசிச்சுச் சாப்பிடணும், வீட்டுக்காரங்க மொகம் அதுலயே மலந்துரும்.

கடைல சாப்பிடறப்ப, வியட்நாம் எழுத்து ரோமன் எழுத்துதான், மெனு உங்களுக்கு வாசிக்க வரும். பி, ஓ எழுதி ஓ மேல ஒரு சாஞ்ச கோடு இருந்தா அது மாடு. கோடில்லாம ஓ ஓரத்துல கொக்கி இருந்தா வெண்ணெய் இல்லன்னா அவகாடோ, அது பரவால்ல. சைவம் வேணும்னா 'அன் சாய்'னு சொல்லுங்க, சீனக் கணக்குல மாசத்துல மொத நாளும் பதினஞ்சாம் நாளும் அங்க நெறயப் பேரு சைவம்தான், அதனால யாரும் வித்தியாசமாப் பாக்க மாட்டாங்க. பென் தான் மார்க்கெட் பக்கத்துல மாரியம்மன் கோயில் இருக்கு, வியட்நாம்காரங்களே வந்து ஊதுபத்தி ஏத்திக் கும்புடுவாங்க, போய்ட்டு வாங்கய்யா.

கேள்வி: இந்தோனேசியா மேடான் போறோம், மலாய் தெரிஞ்சா போதும்தானே? – மூணு தோழிங்க

பதில்: பேச்சுக்குப் பெரும்பாலும் போதும், சாப்பாட்டுல மட்டும் ஒண்ணு கவனிங்கம்மா. நம்ம கடைங்கள்ல 'டாகிங்'னாலே மாடுதான், அங்க டாகிங்னா பொதுவா இறைச்சி, மாட்டுக்கு 'சாப்பி'ன்னு தனியாச் சொல்லுவாங்க. அதனால 'டக் மக்கான் சாப்பி'ன்னு சொல்லுங்க. பாடாங் சாப்பாட்டுக் கடைல கேக்காமயே பத்துப் பன்னெண்டு தட்டு கொண்டாந்து அடுக்குவாங்க, பயந்துறாதீங்க, தொட்டதுக்கு மட்டும்தான் காசு. ரெண்டாங் தட்ட மட்டும் தொடறதுக்கு முன்னாடி கேளுங்க, அது பெரும்பாலும் மாடு.