லேப்டாப்பில் பிராசஸர் மாற்றலாமா, போர்டையே மாற்றணுமா?

லேப்டாப் பிராசஸர், மதர்போர்டு பற்றி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான்.

கேள்வி: செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் பிரிண்ட், ரயில் டிக்கெட் எல்லாமே 2012-ல் வாங்கிய லேப்டாப்பில்தான். ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு பக்கம் திறப்பதற்குள் கஸ்டமர் டீ குடித்துவிட்டே வந்துவிடுகிறார். புனலூரில் ஒரு மெக்கானிக் ஐ7 பிராசஸர் போட்டுத் தருகிறேன், அப்புறம் விண்டோஸ் 11-ம் ஓடும் என்கிறார். நம்பிப் போடலாமா அண்ணாச்சி?
*வாசகர், செங்கோட்டை*

பதில்: ஐ7 போட முடியும், பெரும்பாலும். ஆனால் அதைப் போட்டதால் விண்டோஸ் 11-க்குத் தகுதி வராது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் பிராசஸர். உங்கள் லேப்டாப் காலத்தில் நிறைய மாடல்களில் பிராசஸர் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், கழற்றி மாட்டலாம். இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு ஒரே வகை சாக்கெட், நான்காம் தலைமுறைக்கு வேறு சாக்கெட். அதோடு சரி, ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப் பிராசஸர் எல்லாமே போர்டோடு பற்றவைத்துத்தான் வருகிறது. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். சிபியு-இசட் (CPU-Z) என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பேக்கேஜ் என்ற வரியில் 988பி, ஆர்பிஜிஏ (rPGA) என்று வந்தால் சாக்கெட், 1023 என்றும் பிஜிஏ (BGA) என்றும் வந்தால் பற்றவைத்தது. பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அந்தக் காலத்து ஐ5-2410எம் இரண்டு வகையிலும் வந்தது.

சாக்கெட் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எந்த ஐ7 என்று அவரிடம் கேளுங்கள், ஏனென்றால் ஐ7 என்ற ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐ7-2620எம் என்றால் அதிலும் இரண்டே கோர்தான் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர்), உங்கள் ஐ3-யில் இருப்பதும் அதே இரண்டுதான், வேகம் மட்டும் டர்போவில், அதாவது தேவைப்படும்போது தானாகக் கூட்டிக்கொள்வதில், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். நான்கு கோர் வேண்டுமென்றால் ஐ7-2630க்யூஎம் மாதிரி ஒன்று வேண்டும், அது 45 வாட். உங்கள் லேப்டாப்பில் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் ஃபேனும் 35 வாட்டுக்காகச் செய்தவை, சூடு தாங்காமல் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அடாப்டர் 65 வாட்டாக இருந்தால் அதையும் 90 வாட்டுக்கு மாற்ற வேண்டிவரும். மூன்றாம் தலைமுறையும் அதே சாக்கெட்தானே என்று மாட்டினால் போர்டில் இருக்கும் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், எச்எம்65 என்ற துணைச் சிப் (சிப்செட்) உள்ள போர்டுகள் பலவற்றில் திரையே வராது. இத்தனைக்கும் அந்த ஐ7 எங்கிருந்து வரப்போகிறது? இன்னொரு பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும்.

இப்போது விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் நிபந்தனை இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0, அதாவது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி. இரண்டாம் தலைமுறையில் ஐ3 ஆனால் என்ன, ஐ7 ஆனால் என்ன, இரண்டுமே பட்டியலில் கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், ஓடவும் செய்யும், ஆனால் அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனது. வீட்டில் படம் பார்க்கிற லேப்டாப் என்றால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன், உங்கள் கடையில் ஊர்ஜனங்களின் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது.

என் பேச்சைக் கேட்டால், பிராசஸருக்குக் கேட்கிற பணத்தில் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் சுற்றும் பாகம் இல்லாத, வேகமான ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டியும் 8 ஜிபி ஆவதற்கு இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேமும் வாங்கிப் போடுங்கள். உங்கள் லேப்டாப் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் அந்த ஹார்ட் டிஸ்க்தான், ஐ3 இல்லை. போட்டதும் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அப்புறம் கையில் பணம் சேர்ந்ததும், ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடும் எட்டாம் தலைமுறை லேப்டாப் ஒன்றைக் கடை வேலைக்கு எடுத்துக்கொண்டு, இதை ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஸ்கேனுக்கும் மட்டும் விட்டுவிடுங்கள், நெட் இணைப்பு இல்லாமல்.

இல்லை, ஐ7 போட்டே பார்ப்பேன், நானே போடுவேன் என்றால் ஒன்று சொல்கிறேன். ஹீட்சிங்கைத் தூக்கியதும் பிராசஸரை ஒட்டி சாக்கெட்டில் ஒரு தட்டை ஸ்க்ரூ தெரியும், பக்கத்திலேயே பூட்டிய பூட்டு, திறந்த பூட்டு என்று இரண்டு குறி இருக்கும். ஸ்க்ரூவைத் திறந்த பூட்டுப் பக்கம் அரைச் சுற்று திருப்பினால் போதும், பிராசஸர் தானாகத் தளர்ந்து கையோடு வந்துவிடும். நெம்பவே கூடாது. பின் எல்லாம் பிராசஸரின் அடியில் இருக்கிறது, முடி கனம்தான், ஒன்று வளைந்தாலும் தலைவலி. மூலையில் இருக்கும் முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வைத்து, அழுத்தாமல் விட்டு, பூட்டிவிட்டு, சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து ஹீட்சிங்கை அதன் மேல் எழுதியிருக்கும் எண் வரிசைப்படி முடுக்குங்கள்.

கேள்வி: குமுளியில் இருக்கிறோம். சாயங்காலம் இடி மின்னல் அடித்தபோது மகளின் காலேஜ் லேப்டாப் சார்ஜில் இருந்தது, அதிலிருந்து ஆன் ஆகவில்லை. கம்பத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். போர்டு போச்சு, புது போர்டு போடணும், உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது என்கிறார்கள். அவளுடைய ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது, அழுதுகொண்டே இருக்கிறாள். வேறு மாடல் போர்டு மலிவாக இருக்கிறதாம், அதைப் போட்டுக்கொள்ளலாமா?
*வாசகி, குமுளி*

பதில்: அம்மா, மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். போர்டு போனாலும் ப்ராஜெக்ட் போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஃபைல் எல்லாம் இருப்பது எஸ்எஸ்டியில், அது பெரும்பாலான லேப்டாப்பில் சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு சின்னத் துண்டு, ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறது. ரொம்ப மலிவான சில மாடல்களில் மட்டும் அதுவும் போர்டோடு பற்றவைத்திருக்கும்.

ஆனால் போர்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இதைச் செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்புகளில் டிஸ்க் பெரும்பாலும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டே வருகிறது, வாங்கியவருக்கே அது தெரியாது. அந்தப் பூட்டைத் தினமும் சத்தமில்லாமல் திறந்துவிடுவது போர்டிலோ பிராசஸருக்குள்ளோ இருக்கும் டிபிஎம். போர்டு மாறினால் டிபிஎம்மும் மாறிவிடும், உடனே நீலத் திரையில் 48 இலக்க மீட்புக் கீ கேட்கும். மகள் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லேப்டாப்பைத் திறந்தாளோ அதே கணக்கில் உங்கள் போனிலிருந்து நுழைந்து, சாதனங்கள் என்ற பகுதியில் அந்த லேப்டாப்பின் பெயருக்கு எதிரே பிட்லாக்கர் கீ இருக்கிறதா பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கம்ப்யூட்டரிலேயே ஃபைலை எடுத்துவிடலாம். கீ இல்லாமல் போர்டை மாற்றினால் கம்பத்தில் இல்லை, எர்ணாகுளத்தில் இல்லை, எங்கேயும் திறக்க முடியாது.

அடுத்து, போர்டு போச்சு என்கிறார்களே, என்ன அளந்து பார்த்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். உங்கள் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் மின்னல் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் சார்ஜர் வழியாக ஏறும்போது முதல் அடி அடாப்டருக்கு, அப்புறம் போர்டில் சார்ஜ் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பாகம்) சார்ஜிங் ஐசிக்கும் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப்). அடாப்டர் மட்டும் போயிருந்தால் அதே வோல்ட், அதே வாட் அடாப்டர் ஒன்றை யாரிடமாவது வாங்கி மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடாப்டரில் சின்ன லைட் இருக்கிறதா? கரண்டில் போட்டதும் எரிந்து, பின்னை லேப்டாப்பில் செருகிய நொடியில் அணைந்தால் போர்டில் எங்கேயோ ஷார்ட். அது பெரும்பாலும் ஒரு கப்பாசிட்டரோ ஒரு மாஸ்ஃபெட்டோதான், சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவர் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவார். பிராசஸர் பக்கமே ஷார்ட் என்று அளந்து காட்டினால் மட்டும் போர்டு மாற்றம்.

வேறு மாடல் போர்டு வேண்டவே வேண்டாம். லேப்டாப் போர்டுக்குப் பொது அளவு என்று ஒன்று கிடையாது, ஸ்க்ரூ ஓட்டை, சார்ஜர் துளை, கீபோர்டு ரிப்பன், டிஸ்ப்ளே கேபிள் எல்லாமே மாடலுக்கு மாடல் வேறு. வெளியே ஒட்டியிருக்கும் மாடல் பெயர் ஒன்றாக இருந்தால்கூடப் போதாது, போர்டின் மேலேயே வெள்ளை எழுத்தில் ஒரு எண் அச்சடித்திருக்கும், எல்ஏ என்று தொடங்கினால் காம்பால், டிஏ0 என்று தொடங்கினால் குவாண்டா, பல பிராண்டுகளுக்கும் போர்டு செய்து கொடுக்கிற தைவான் கம்பெனிகள் இவை. அந்த எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும், தனி கிராபிக்ஸ் சிப் உள்ள போர்டும் இல்லாத போர்டும் உண்டு, ஹீட்சிங்க் வேறு. மெல்லிய லேப்டாப் என்றால் ரேமும் போர்டிலேயே பற்றவைத்தது, ஆகவே பிராசஸர் என்ன, ரேம் எத்தனை ஜிபி என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். எர்ணாகுளம் பென்டா மேனகாவிலிருந்து வரவழைத்தாலும் சரி, சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தாலும் சரி, போர்டின் எண்ணும் எத்தனை மாத வாரண்டி என்பதும் பில்லில் எழுதியிருக்க வேண்டும். பழைய போர்டையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள்.

வாங்கும்போது கடையிலேயே உட்கார்ந்து எல்லா யுஎஸ்பி துளையிலும் பென்டிரைவ் போட்டு, வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ் ஏறுகிறதா, ஃபேன் சுற்றுகிறதா எல்லாம் பார்த்து, ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு எடுங்கள். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்று வந்தால் பயப்படாதீர்கள். லேப்டாப்போடு வரும் விண்டோஸ் கீ, விண்டோஸ் 8 காலத்திலிருந்து போர்டின் பயாஸ் சிப்பிலேயேதான் இருக்கிறது, போர்டோடு அதுவும் போய்விடும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில், சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கணக்கில் நுழைந்து பார்க்கலாம், அதிலும் நடக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தில் பேச வேண்டும்.

கேள்வி: என்னுடையது ஐ5-8250யு. யு என்றால் பற்றவைத்தது என்று தெரியும். கோயம்புத்தூரில் ரீபாலிங் மெஷின் (பற்றவைத்த சிப்பைக் கழற்றி மறுபடி பற்றவைக்கும் மெஷின்) வைத்திருப்பவர் ஐ7-8550யு மாற்றித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பதில்: வேண்டாம் தம்பி. இரண்டும் ஒரே அளவு, ஒரே இடத்தில் உட்காரும், நல்ல கையாக இருந்தால் நடக்கும் வேலைதான். ஆனால் ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் போர்டைச் சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் பக்கத்தில் இருப்பதற்கும் ஆபத்து, பயாஸ் ஒத்துக்கொள்ளாவிட்டால் இருந்ததும் போச்சு. இதெல்லாம் தாண்டிக் கிடைப்பது என்ன? இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட், 15 வாட். கொஞ்சம் டர்போ கூடும், அவ்வளவுதான். ரேம் ஒரே துண்டாக இருந்தால் இரண்டாவது துளையில் அதே அளவு இன்னொன்று போடுங்கள், ஃபேன் தூசியை எடுத்துப் பேஸ்ட் மாற்றுங்கள். உங்களுடையது எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் போர்டை மட்டும் மாற்றி லேப்டாப்பைப் புதிதாக்குவது என்பது நடக்கவே நடக்காதா?
*கல்லூரி மாணவர், களியக்காவிளை*

பதில்: நடக்கிறது, ஒரு அமெரிக்கக் கம்பெனி செய்து காட்டியிருக்கிறது. ஃப்ரேம்வொர்க் என்று பெயர், 2021-ல் முதல் லேப்டாப்பை விட்டார்கள். பிராசஸர் அதிலும் பற்றவைத்ததுதான், ஆனால் போர்டின் அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு இன்டெல் 11-ம் தலைமுறை உடம்பிலேயே 12, 13-ம் தலைமுறை போர்டும், அப்புறம் ஏஎம்டி ரைசன் போர்டும் போட்டுக்கொள்கிற மாதிரி விற்றார்கள். கழற்றிய போர்டைத் தனிப் பெட்டியில் வைத்து டெஸ்க்டாப் மாதிரி ஓட்டலாம். மற்ற கம்பெனிகளாலும் முடியும், செய்வதில்லை, அதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. திரையும் கீபோர்டும் நன்றாக இருக்கிற ஒரு லேப்டாப்பை உள்ளங்கை அளவு போர்டுக்காகக் குப்பையில் போட வைப்பது அநியாயம். அதுவரைக்கும், புது லேப்டாப் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: ரேம் துளை காலியாக ஒன்றாவது இருக்கிறதா, எஸ்எஸ்டி கழற்ற முடியுமா, பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா பசையில் நிற்கிறதா. பிராசஸரைப் பின்னால் கூட்ட முடியாது, ஆகவே கையில் இருக்கும் காசில் முதலில் அதை நல்லதாகப் பார்த்து எடுத்துவிட்டு, ரேமையும் எஸ்எஸ்டியையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள்.