ஹாலில் ஒரே டிவி, கையில் ஐம்பதாயிரம்: எந்த கேம் கன்சோல் வாங்குவது?

கேள்வி:

எங்கள் மகன் எட்டாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. முழுப்பரீட்சை முடிந்ததும் பிளேஸ்டேஷன், அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் கன்சோல், வாங்கித் தருவதாக என் கணவர் மகனிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கே ஆசை என்பதுதான் உண்மை. சின்ன வயதில் கேசட் போட்டு மாரியோ ஆடியவர். ஐம்பதாயிரம் ஒதுக்கியிருக்கிறோம். கேம் டிஸ்க் போட இடமில்லாத மாடல் விலை குறைவு, அதையே எடுங்கள் என்கிறார்கள் கடையில். வீட்டில் டிவி ஒன்றுதான், அதுவும் ஹாலில். மாலை ஏழு முதல் ஒன்பதரை வரை மாமியாரின் சீரியல். மாமனாரோ, "ரம்மி ஆடி எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது, அதைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவரணுமா?" என்கிறார். எதை வாங்குவது? வாங்கலாமா, வேண்டாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்:

வாங்கலாம், சகோதரி. ஆனால் கடைக்காரர் சொன்ன மாடல் வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, பெட்டியின் விலையை மட்டும் சொல்லியிருக்கிறார். செலவு பெட்டியோடு முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணவர் ஆடிய அந்தக் காலத்து கேசட்டில் நூறு ஆட்டம் இருக்கும் (அட்டையில் 9999 என்று போட்டிருப்பார்கள், அது வேறு கதை). ஒரு தடவை வாங்கினால் தெருவே ஆடும். இன்றைக்குப் பிளேஸ்டேஷன் 5-க்கு ஒரு பெரிய புது கேம் ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது. வருடத்துக்கு நான்கு கேம் வாங்கினாலே இருபதாயிரம். டிஸ்க் இல்லாத மாடலில் இந்த நான்கையும் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனியின் ஆன்லைன் கடையில்தான் வாங்கியாக வேண்டும். வேறு கடை கிடையாது. வாங்கியது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஆடி முடித்தபின் விற்க முடியாது, அத்தை மகனுக்கு இரவல் தரவும் முடியாது.

டிஸ்க் அப்படியில்லை. பழைய டிஸ்க் வாங்கி விற்பதற்கு என்றே எல்லா ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னைக்குப் போனால் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இருக்கின்றன. பாதி விலைக்கு எடுத்து, ஆடி முடித்து, கொஞ்சம் நஷ்டத்தில் கைமாற்றிவிடலாம். மகனின் வகுப்பில் இன்னொரு பையனிடம் அதே கன்சோல் இருந்தால் செலவே இல்லை, மாற்றிக்கொள்வார்கள். ஆன்லைன் கடையிலும் அவ்வப்போது பெரிய தள்ளுபடி வரும், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்க் மாடல் வைத்திருப்பவருக்கும் அந்தத் தள்ளுபடி உண்டு. அவருக்கு இரண்டு கடை, மற்றவருக்கு ஒன்றுதான்.

2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. வழக்கமாக இந்தப் பெட்டிகள் வருடம் ஆக ஆக விலை இறங்கும். இந்தத் தலைமுறையில் தலைகீழ். 2022 நவம்பரில் இரண்டும் ஐயாயிரம் ஏறின. ஆகவே டிஸ்க் மாடல் உங்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். தீபாவளியை ஒட்டியும் கோடை லீவிலும் சில ஆயிரம் குறைப்பார்கள், அதற்குக் காத்திருக்கலாம். காத்திருக்க மகன் விடமாட்டான் என்றால் இன்னொரு வழி: இப்போது வரும் மெலிந்த உடம்பு மாடலில், டிஸ்க் இல்லாததை எடுத்தாலும், டிஸ்க் போடும் பகுதியை (டிஸ்க் டிரைவ்) தனியாக வாங்கிப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். முதல் தடவை மாட்டும்போது இன்டர்நெட் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 2020-21-இல் வந்த பருமனான டிஸ்க் இல்லாத மாடலில் அது முடியாது. செகண்ட் ஹேண்டில் மலிவாக யாராவது தருகிறேன் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

டிஸ்க் இருந்தால் இன்டர்நெட் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்க்கைப் போட்டாலும் கேம் முழுவதும் பெட்டிக்குள் ஏறித்தான் ஓடும். அப்புறம் அப்டேட் என்று இன்னும் சில பத்து ஜி.பி. இறங்கும். சில கேம்கள் நூறு ஜி.பி.யைத் தொடும். வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். பிராட்பேண்ட் இருந்தால் நூறு ஜி.பி. இரண்டேகால் மணி நேர வேலை. தினம் 2 ஜி.பி. தரும் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பினால் ஐம்பது நாள். கன்சோல் வாங்குவதற்கு முன் வீட்டு இன்டர்நெட் எது என்று பார்ப்பது அதனால்தான்.

மற்ற இரண்டு பெட்டிகளையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் சின்னது, அடக்கமானது. ஆனால் டிஸ்க் போட வழியே இல்லை, பிறகு சேர்க்கவும் முடியாது. சந்தா கட்டி நிறைய கேம் ஆடலாம் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. அந்தச் சந்தாவின் மேல் அடுக்கு விலையை 2025 அக்டோபரில் கடுமையாக ஏற்றிவிட்டார்கள். உங்களுக்கு வேண்டாம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் விஷயம் வேறு. மனதில் பட்டதைச் சொன்னால், மூன்றாம் வகுப்புக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. டிவியில் மாட்டியும் ஆடலாம், கழற்றிக் கையில் வைத்துக்கொண்டும் ஆடலாம். சீரியல் சண்டையே வராது. மாரியோவும் அங்கேதான் இருக்கிறார், கணவரும் குளிர்ந்துவிடுவார். சிக்கல் என்னவென்றால், நின்டெண்டோ இந்தியாவில் முறையாகக் கடை விரிக்கவில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது. பழுதானால் வாரண்டி என்று போய் நிற்க இடமில்லை. கையில் பிடித்து ஆடும் அதன் கன்ட்ரோலரின் குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கும் கோளாறு உலகப் பிரசித்தம். சிங்கப்பூரிலோ துபாயிலோ சொந்தக்காரர் இருந்து, அவர் வாங்கி வருவதாகச் சொன்னால் யோசியுங்கள். அதன் கேம்கள் வரும் சின்னக் கார்டுகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. அங்கே வாங்கியது இங்கேயும் ஓடும். சின்னப் பெண் கார்டை வாயில் போட்டாலும் உடனே துப்பிவிடுவாள், அதற்காகவே கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். ஆனால் மகன் கேட்டிருப்பது பிளேஸ்டேஷன். அவன் நண்பர்கள் ஆடும் ஃபுட்பால், கார் ரேஸ் எல்லாம் அதில்தான். வேறொன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் அவன் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி, சீரியல். பிளேஸ்டேஷன் 5-இல் ஒரு வசதி இருக்கிறது: ஆட்டத்தை நடுவில் அப்படியே நிறுத்தி உறங்கவைக்கலாம். ரெஸ்ட் மோட் என்று பெயர். ஏழு மணிக்கு விட்ட இடத்திலேயே ஒன்பதரைக்குத் தொடரலாம். ஆனால் இது தனியாக ஆடும் கேமுக்குத்தான். ஆன்லைனில் இன்னொருவரோடு ஆடும் மேட்சை நிறுத்த முடியாது. நடுவில் எழுந்து போனால் தோற்றதாகக் கணக்கு. அம்மாக்கள் "உடனே அணை" என்று கத்துவதும் பிள்ளைகள் "அஞ்சே நிமிஷம்" என்று கெஞ்சுவதும் இந்த ஒரு விஷயம் புரியாததால்தான். ஃபுட்பால் கேமில் ஆன்லைன் மேட்ச் பொதுவாகப் பாதிக்கு ஆறு நிமிடம். இடைவெளி எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். ஆகவே மணிக்கணக்கு பேசாமல் மேட்ச் கணக்கு பேசுங்கள். "ஆறரைக்கு மேல் புது மேட்ச் ஆரம்பிக்கக் கூடாது" என்றால் பையன் ஏற்றுக்கொள்வான். "ஏழுக்கு அணை" என்றால் ஏழு ஐந்துக்கு வீட்டில் சத்தம்தான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் மாமியார் வீட்டில் இருப்பதால் பெரிய விஷயம். சீரியல் ஓடும்போது மகள் கன்ட்ரோலரின் நடுப் பட்டனைத் தெரியாமல் அழுத்தினால் கன்சோல் விழித்துக்கொண்டு டிவியைத் தன் பக்கம் இழுத்துவிடும். கதாநாயகி அறை வாங்கும் நேரத்தில் திரை நீலமாகிவிட்டால் யார் பொறுப்பு? செட்டிங்ஸில் எச்.டி.எம்.ஐ. பகுதிக்குள் ஒன் டச் பிளே என்று ஒன்று இருக்கும். முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

மாமனாரின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். பாதி தவறு, பாதி சரி. தவறு எதில் என்றால், ரம்மி ஆப்பில் பணம் கட்டிப் பணம் எடுக்கப் பார்ப்பது சூதாட்டம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிவிட்டது. கன்சோலில் கார் ஓட்டுவது அந்தச் சட்டத்தில் வராது. சரி எதில் என்றால், இந்தப் பெட்டி உங்கள் ஹாலில் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு கடை. ஃபுட்பால் கேமுக்குள்ளேயே காசு கொடுத்து 'பேக்' வாங்கலாம். உள்ளே எந்த வீரர் வருவார் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். நல்ல வீரர் வரும்வரை வாங்கிக்கொண்டே இருக்கத் தோன்றும். பெல்ஜியம் 2018-இல் இந்த வகைப் பேக்குகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது. அதன்பின் அந்த ஃபுட்பால் கேமை விற்கும் நிறுவனம் அங்கே கேம் காசு விற்பதையே நிறுத்த வேண்டிவந்தது. உங்கள் மாமனார் பெல்ஜியத்தோடு சேர்ந்து நிற்கிறார் என்று அவரிடமே சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில்கூட வேண்டாம், அவரும் ஆடுபவர். முதலில் உங்கள் கணக்கைத் தொடங்கி, அதன் கீழ் மகனுக்கும் மகளுக்கும் குழந்தைக் கணக்கு போடுங்கள். பிறந்த தேதியைச் சரியாகக் கொடுங்கள். இந்த வேலையை மகனிடம் விட்டால் 1995-இல் பிறந்ததாகப் போட்டுக்கொள்வான், பிறகு மாற்றுவது பெரும்பாடு. அவன் கணக்கில் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யம் என்று வையுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதையும் செய்தி அனுப்புவதையும் அங்கேயே அடைக்கலாம். கிரெடிட் கார்டு எண்ணைக் கன்சோலில் பதிந்து வைக்காதீர்கள். ஏதாவது வாங்க வேண்டுமானால் கிஃப்ட் கார்டு வாங்கிப் போடுங்கள். அதில் இருக்கும் பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் போகாது. விளையாட்டு நேரம் முடிந்ததும் தானாக வெளியேற்றும் வசதியும் இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறிவிப்பு மட்டும் காட்டு என்று வையுங்கள். நடு மேட்சில் தூக்கி வெளியே போட்டால் கோபம் பெட்டி மீது வராது, உங்கள் மீதுதான் வரும்.

மகன் சீக்கிரமே ஜி.டி.ஏ. என்ற அடிதடி கேமைக் கேட்பான். அட்டையிலேயே 18 என்று போட்டிருக்கும். சினிமாவுக்கு ஏ சான்றிதழ் மாதிரிதான், கார்ட்டூன் போலத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். கணவர் ஆடட்டும், பிள்ளைகள் தூங்கிய பிறகு.

எங்கே வைப்பது? ஹாலில்தான், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் பொம்மைகளோடு வைக்க வேண்டாம். ஓடும்போது இருநூறு வாட் வரை இழுத்து அவ்வளவையும் சூடாக வெளியே தள்ளும் பெட்டி அது. சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி, திறந்த தட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை காற்றுத் துளைகளில் தூசி எடுங்கள். கரப்பான் பூச்சிக்கு அந்தச் சூடு ரொம்பப் பிடிக்கும். பழுதுபார்க்கும் கடைகளில் கழற்றினால் குடும்பத்தோடு இருக்கும். தரையில் வைக்கவே கூடாது என்பது அதற்கும் சேர்த்துத்தான். திடீரென்று கரண்ட் போய் வந்தால் சேமித்த ஆட்டம் கெட வாய்ப்பு உண்டு, ஆகவே டிவிக்கும் இதற்கும் சேர்த்து ஒரு ஆயிரம் வி.ஏ. யு.பி.எஸ். இருப்பது நல்லது. கரண்ட் பில் பற்றிப் பெரிய கவலை வேண்டாம்: தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு இருபத்தைந்து யூனிட் போல. உங்கள் வீடு ஏற்கெனவே ஐந்நூறு யூனிட் ஓரத்தில் நின்றால் மட்டும் யோசியுங்கள்.

டிவி பழசாக இருந்தாலும் பரவாயில்லை, எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தால் போதும். 4கே டிவி புதிதாக வாங்கச் சொல்லிக் கணவர் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். இருக்கிற டிவியின் செட்டிங்ஸில் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள்; பட்டன் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே உள்ள தாமதம் குறையும்.

பெட்டிக்கு மேல் இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிந்தால், அதைக் கேம் மேல் கொட்டாமல் இரண்டாவது கன்ட்ரோலர் வாங்குங்கள். ஆறாயிரம் பக்கம் ஆகும், வலிக்கும். ஆனால் ஒரே கன்ட்ரோலர் உள்ள வீட்டில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், லீவு முடியும்வரை. பெட்டிக்குள்ளேயே ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற கேம் இலவசமாக இருக்கும். மகளுக்கும் மாமியாருக்கும்கூடப் பிடிக்கும். சேர்ந்து ஆட சாக்பாய் என்ற கேமின் டிஸ்க் ஒன்று பழசில் தேடுங்கள். நான்கு பேர் வரை ஒரே திரையில் ஆடலாம், ஆன்லைன் சந்தா வேண்டியதில்லை. ஃபுட்பால் வேண்டுமென்றால் போன வருடத்து டிஸ்க்கே போதும். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுசு வந்ததும் பழசின் விலை விழுந்துவிடும். வீரர்களின் பட்டியல் மாறுவதைத் தவிர ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆன்லைனில் மற்றவரோடு ஆடுவதற்கான மாதச் சந்தாவை முதல் மூன்று மாதத்துக்கு எடுக்காதீர்கள். அது இல்லாமலே என்ன ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பெட்டியை வாங்கிவந்த மாலையே பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பிரிக்காதீர்கள். கணக்கு தொடங்குவது, சிஸ்டம் அப்டேட், டிஸ்க் ஏறுவது என்று அன்று முழுக்கத் திரையில் ஒரு நீலக்கோடு நகர்வதைத்தான் பார்ப்பார்கள். முந்தின இரவே நீங்களும் கணவரும் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிடுங்கள். முதல் ஆட்டத்தை அப்போதே கணவர் ஆடிவிட்டால், காலையில் மகனிடம் சொல்ல வேண்டாம்.