சூட்டு உடம்பும் கொசுவும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்குச் சூட்டு உடம்பு. அதனால்தான் கொசு என்னையே தேடிக் கடிக்கிறதா? நேற்று ராத்திரி கையில் உட்கார்ந்ததை அடிக்காமல் பார்த்தேன். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குடித்தது. வால் நுனியில் சிவப்பாக ஒரு துளி நின்றது. பேராசையில் வழிகிறதோ? தாத்தா காலத்து ஓட்டு வீட்டில் கொசுவே கிடையாது. கான்கிரீட்டின் சூடுதான் அதை இழுத்து வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

அடிக்காமல் பார்த்தீர்கள் பாருங்கள், அதற்காகவே உடனே எழுதுகிறேன். நானும் கொஞ்ச நாளாக அந்தத் துளியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சூட்டு உடம்பை விடுங்கள். வைத்தியர் சொல்லும் சூடு தெர்மாமீட்டரில் ஏறாது. கொசு நம் மூச்சையும் வாடையையும் பிடித்துக்கொண்டு வருகிறது. கிட்டே வந்தபிறகுதான் தோலின் சூடு வழிகாட்டும்.

துளி பேராசை இல்லை. கொசுவுக்கென்று உடல்சூடு கிடையாது. 37 டிகிரி ரத்தம் சட்டென்று உள்ளே இறங்கினால் அதற்கு ஆபத்து. பின்பக்கத்தைத் தூக்கியிருந்தது என்றால் அது அனாபிலஸ் இனம். அதில் ஸ்டீபன்சி என்ற மலேரியாக் கொசு, குடிக்கும்போதே சிறுநீரோடு கொஞ்சம் புது ரத்தத்தையும் வெளியே விட்டு வால் நுனியில் நிறுத்துகிறது. துளி ஆவியாக ஆவியாக வயிறு குளிர்கிறது, நமக்கு வியர்வை மாதிரி. பிரான்ஸில் லாஹோந்தேர், லசாரி என்ற ஆய்வாளர்கள் வெப்பக் கேமராவில் பார்த்து 2012இல் எழுதினார்கள். பாடுபட்டுக் குடித்த ரத்தத்தையே செலவழிக்கிறது என்றால் சூட்டுக்கு எவ்வளவு பயம்!

இனி உங்கள் ஓட்டு வீடு. இந்தப் புலம்பலை இன்னும் எத்தனை பேர்தான் எழுதுவீர்கள்? கொசு சூட்டைத் தேடுவது சாப்பாட்டுக்கு மட்டும். வயிறு நிறைந்தால் அதற்கு வேண்டியது குளிர்ந்த இருட்டு. அது ஓட்டு வீட்டில் கிடைத்த மாதிரி எங்கே கிடைக்கும்? குடித்துக் கனத்த கொசு சுவரில்தான் உட்காரும் என்பதை நம்பித்தானே 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து வீட்டுச் சுவர்களில் டிடிடி என்ற பூச்சிமருந்து அடித்தார்கள்? கொசுவே இல்லாத வீட்டுக்கு எதற்கு ஐயா மருந்து?

மருந்தடிப்பவர்கள் வந்தால் எங்கள் ஆச்சி அறப்புரை (நெல் வைக்கும் அறை) வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். "மக்களே, நெல்லுல மருந்து விழும், இங்க அடிக்கண்டாம்." அவர்களும் மற்ற சுவர்களில் அடித்து, கதவில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். சாயந்தரம் நான் நெல் அள்ளப் போனால், பத்தாயத்துக்குப் பின்னால் வயிறு சிவந்த கொசுக்கள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆச்சியிடம் சொன்னால், "அது கெடக்கட்டு, நெல்லைத் தின்னாதுல்லா" என்பாள்.

ஸ்டீபன்சி முட்டையிடுவது கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும். உடம்புச் சூடு, கான்கிரீட் சூடு, தாத்தா வீடு எல்லாம் எழுதினீர்கள். தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று ஒரு வரி எழுதவில்லையே!