தெருவில் உறங்குபவருக்கு அபராதம் விதித்தால் லாஸ் ஏஞ்சலஸில் வீடின்மை குறையுமா?

குறையாது என்பதே என் பதில். இந்நகரில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். வீட்டு உதவி கேட்டு வருபவர்களுக்குச் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். தண்டனை வந்தால்தான் இவர்கள் தங்குமிடங்களுக்குப் போவார்கள் என்று சொல்லப்படுவது உண்மையா என்றும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்பவர்களின் கோபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நடைபாதை முழுவதும் கூடாரங்கள் நின்றதால், சக்கர நாற்காலியில் வந்த மூதாட்டி ஒருவர் வண்டிகள் விரையும் சாலையில் இறங்கிச் சென்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு வழிவிட்டே ஆக வேண்டும். ஆனால் வழிவிட்டு விலகுபவர் எங்கே போவது என்பதற்கு, அபராதம் விதிக்கும் சட்டத்தில் விடை இல்லை. 2024 ஜனவரிக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் மட்டும் 45,252 பேர் வீடற்றவர்கள். அவர்களில் 29,000க்கும் மேற்பட்டோர் எந்தத் தங்குமிடத்திலும் இல்லாமல் கூடாரத்திலோ வாகனத்திலோ வெட்டவெளியிலோ இரவைக் கழித்தவர்கள்.

நகராட்சிச் சட்டத் தொகுப்பின் 41.18ஆம் பிரிவு, நடைபாதையில் உட்காருவதையும் படுப்பதையும் உறங்குவதையும் நெடுங்காலமாகவே தடை செய்துவந்தது. போதிய படுக்கைகள் இல்லாத நகரத்தில் உறங்கியதற்காகத் தண்டிப்பது கொடுமையான தண்டனையாகும் என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு ஏற்பட்ட சமரசத்தின்படி, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தப் பிரிவைச் செயல்படுத்துவதில்லை என்று நகரம் ஒப்புக்கொண்டது. ஆனால் தீர்ப்பு வந்த அதே 2006இல், நகர மையத்தை ஒட்டி, வீடற்றோர் செறிந்து வாழும் ஸ்கிட் ரோ பகுதிக்குக் கூடுதலாக 50 காவலர்கள் அனுப்பப்பட்டார்கள். சாலையைத் தவறான நேரத்தில் கடந்தது போன்ற சிறு குற்றங்களுக்காக, அந்தச் சில தெருக்களில் வாழ்ந்த ஏழைகளுக்கு ஆயிரக்கணக்கில் அபராதச் சீட்டுகள் கிழித்துத் தரப்பட்டன. 2021இல் 41.18 புதிய வடிவில் திரும்பி வந்தது; நகர மன்றம் குறித்துக்கொடுக்கும் இடங்களைச் சுற்றி 500 அடிக்குள் படுக்கவோ கூடாரம் அடிக்கவோ கூடாது என்று ஆனது. 2024 ஜூன் 28 அன்று, ஒரேகான் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் ஊர் தொடர்பான வழக்கில், இத்தகைய தடைகள் அரசியல் சட்டத்தை மீறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்துவிட்டது. உறக்கம் உடலின் தேவை, குற்றமன்று என்று தொடங்குகிறது நீதிபதி சோனியா சோட்டோமயோரின் மாறுபட்ட தீர்ப்பு. என்னைப் பொறுத்தவரை அதற்கு மேல் வாதமே தேவையில்லை. இருந்தும் நடைமுறைப் பலனைக் கேட்பவர்களுக்காகத் தொடர்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்து, ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு மருந்துக் குப்பியையும் நான்காக மடித்த மெல்லிய தாள் ஒன்றையும் எடுத்து வைத்தார். மழையில் நனைந்து காய்ந்திருந்ததால் மடிப்புகளில் எழுத்து கரைந்திருந்தது. அது நடைபாதையில் படுத்திருந்ததற்கான அபராதச் சீட்டு. முகவரிக் கட்டத்தில், நிலையான இருப்பிடம் இல்லாதவர் என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டும் எழுதப்பட்டிருந்தது. நீதிமன்றத்துக்கு வர வேண்டிய தேதி கடந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. "இதைப் பார்த்தால் எனக்கு வீடு தரமாட்டார்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. முகவரி இல்லாதவருக்கு நீதிமன்றத்தின் நினைவூட்டல் வந்து சேராது. குறித்த நாளில் வராதவர்மீது பிடியாணை பிறக்கலாம். பிடியாணை உள்ளவர் எங்கும் தன் பெயரைச் சொல்லவே அஞ்சுவார். வீட்டு உரிமையாளர்களோ வாடகைக்கு விடுவதற்கு முன் பின்னணிச் சோதனை செய்கிறார்கள். இதற்கிடையில் கூடாரத்தோடு அடையாள அட்டையும் குப்பை வண்டிக்குள் போய்விட்டால், எந்த விண்ணப்பத்தையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வீடு இல்லை என்பதற்காகத் தரப்பட்ட சீட்டே வீடு கிடைப்பதற்குத் தடையாக வந்து நிற்பதை மாதத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் அன்று. நகரமும், அது அடங்கிய மாவட்டமான கவுண்டியும் சேர்ந்து உருவாக்கிய வீடற்றோர் சேவை அமைப்பின் அறிக்கையொன்று 2024இல் வெளியே தெரியவந்தது. 41.18இன் கீழ் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அகற்றப்பட்ட கூடாரப் பகுதிகளிலிருந்து நிரந்தர வீட்டுக்குச் சென்றவர்கள் இரண்டே பேர் என்றது அது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் தங்குமிடத்துக்குப் போக விரும்பியவர்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. போக மனமில்லாதவர்கள் என்று இவர்களைப் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. படுக்கை வந்துவிட்டதா என்று வாரந்தோறும் வந்து கேட்டுவிட்டுத் திரும்பும் முகங்களை நான் அறிவேன்.

அன்று அவருடைய படிவத்தின் முகவரிக் கட்டத்தில் எங்கள் மையத்தின் முகவரியை எழுதினோம். புதிய விசாரணைத் தேதி கேட்டும் விண்ணப்பித்தோம். மூன்று வாரங்களில் நீதிமன்றத்தின் கடிதம் வந்துவிட்டது. அதைக் கொடுப்பதற்காக அவர் வழக்கமாகப் படுக்கும் தெருவுக்குப் போனபோது, அங்கே படுக்கக் கூடாது என்ற புதிய அறிவிப்புப் பலகை நடப்பட்டிருந்தது. நடைபாதை கழுவிவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது.